பிடித்த பிரேக் விடவில்லை: அம்மாப்பேட்டைப் பட்டறையில் ஒரு மதியம்

என் வண்டியின் முன் பிரேக் நன்றாகப் பிடிக்கும். பிடித்தால் விடாது, அதுதான் தொல்லை. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டி, ஒரு தடவை ஏற்காடு மலைப்பாதையில் நடுவழியில் நின்று, பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து, கடைசியில் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறையில் 350 ரூபாயில் முடிந்தது. அந்தப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுநடுவே பிரேக் பாடமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் "நல்லா பண்றாரு, போங்க" என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

வண்டி 2016 மாடல், 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கிடையாது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயம், என்னுடையது அதற்கு முந்தைய காலத்து ஆள்.

காலையில் வீட்டிலிருந்து எடுக்கும்போது ஒன்றுமே இருக்காது. அஸ்தம்பட்டி ரவுண்டானா, ஐந்து ரோடு என்று நின்று நின்று போகும்போதுதான் லீவர் மெல்லக் கெட்டிப்படும். வழக்கமாக லீவரை இழுத்தால் கொஞ்சம் சும்மா வந்து, அப்புறம்தான் பிடிக்கும் இல்லையா, அந்தச் சும்மா வருகிற தூரம் காணாமல் போய்விடும். அடுத்து, ஆக்சிலேட்டரைத் திருப்பினாலும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திணறும். இறங்கி டிஸ்கில் பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் தோசைக்கல்லில் தெளித்தது போலச் 'சுர்'ரென்று ஆவி கிளம்பும். ஒரு டீ குடித்து அரை மணி நேரம் கழித்து வந்தால் எல்லாம் பழையபடி சரி. ஆறினால் சரியாகிவிடுகிறதே என்று நானும் வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன், அது என் மடத்தனம்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அது முற்றிவிட்டது. சேலம் பக்கத்துப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிகூட இறங்கவில்லை, வண்டி நின்றுவிட்டது. இறக்கத்தில், நியூட்ரலில், இரண்டு காலாலும் உந்தித் தள்ளுகிறேன், ஒரு அடி நகரவில்லை. முன் சக்கரம் அப்படியே இறுகிப் போயிருந்தது. ஒதுங்கக்கூட இடமில்லாத வளைவில் முன் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி ஓரத்துக்கு நகர்த்தினேன். அதற்குள் மேலிருந்து ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது, கீழிருந்து ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி "பஞ்சரா?" என்று கேட்டார். நாற்பது நிமிடம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். பையில் இருந்த தட்டுவடையை அதுகளுக்குக் கொடுத்தது தனிக்கதை. அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம், சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. மீதி மலையைப் பின் பிரேக்கிலும் முதல் கியரிலும் இறங்கினேன்.

சர்வீஸ் சென்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை டிஸ்கை இரண்டு பக்கமும் பிடிக்கிற டிஸ்க் பேட் இரண்டையும் மாற்றி, வாட்டர் வாஷ் செய்து, பில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே மறுபடி அதே கதை. இரண்டாவது தடவை போனபோது "காலிப்பர் ஜாம் சார், அசெம்பிளியே மாத்தணும், டிஸ்கும் நீலம் பூத்திருச்சு, அதையும் மாத்திடலாம்" என்று ஆறாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள் (காலிப்பர் என்பது பேடை டிஸ்கில் அழுத்துகிற பகுதி). டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு தடவையும் ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியை யாரும் திறந்து பார்க்கவில்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் என்பதால் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பட்டறையைக் காட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர். கதவு நம்பர், போர்டு எதுவும் கிடையாது, தறிச் சத்தம் கேட்கிற சந்தில் உள்ளே போனால் வேப்பமரத்தடியில் நாலைந்து வண்டிகள் நிற்கும், அதுதான் கடை. ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கேள்வி கேட்டார்: "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த வண்டில கடைசியா என்ன கழட்டுனீங்க தம்பி?"

"ஒண்ணும் கழட்டலைங்கண்ணா."

"சரி. இப்ப பிரேக் ஜாமா இருக்கா?"

"இல்லைங்க, இப்ப ஃப்ரீயாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு இப்ப வந்தீங்க? காய்ச்சல் இல்லாதப்ப டாக்டரைப் பார்த்தா அவரு என்னத்தச் சொல்லுவாரு? ஓட்டி ஜாம் பண்ணிக் கொண்டாங்க. லீவரை அழுத்தி வெச்சு ஓட்டாதீங்க, சாதாரணமா ஓட்டுங்க. ஜாம் ஆனா அங்கேயே நின்னு எனக்குப் போன் பண்ணுங்க, எதையும் தொடாதீங்க."

இந்த ஒரு இடத்துக்கே நான் முழு மார்க் போடுவேன். மெயின் ரோட்டில் நாலு சுற்று சுற்றினேன், அரை மணி நேரத்தில் லீவர் கல்லாகிவிட்டது. போன் செய்தேன், எடுக்கவில்லை (இவர் போன் எடுக்க மாட்டார், அதைப் பிறகு சொல்கிறேன்). கடைசி நூறு மீட்டர் வியர்த்துக் கொட்ட உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றினார், அசையவில்லை. பையனிடம் ஒரு ஈரத் துணியை வாங்கி டேங்க் மேல் விரித்தார், பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதற்காக. பிறகு ஆயில் டப்பாவின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஆயில் டிகாக்‌ஷன் கலரில் இருந்தது. "இது எப்ப மாத்துனது?" என்றார். வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

நான் ஸ்பேனரோடு காலிப்பர் பக்கம் குனிவார் என்று பார்த்தால், லீவர் மாட்டியிருக்கும் போல்ட்டில் கை வைத்தார். நட்டை எடுத்தார், போல்ட்டை உருவினார், லீவரை லேசாக வெளியே இழுத்தார். அவ்வளவுதான். டப்பாவுக்குள் ஆயில் ஒரு குமிழி விட்ட மாதிரி மேலே பொங்கி அடங்கியது. பையன் சக்கரத்தைத் தட்டிவிட்டான். சுற்றியது. நிற்காமல் சுற்றியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லீவரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது வண்டியோட வந்ததில்லையே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆன்லைனில் 380 ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டிய சிவப்புக் கலர் அட்ஜஸ்டபிள் லீவர் அது. பழையது கீழே விழுந்து லேசாக வளைந்திருந்தது, அழகாகவும் இருக்கட்டுமே என்று மாற்றினேன். "கழட்டலைங்க" என்று சொன்னது பொய் இல்லை, நிஜமாகவே நினைவில் இல்லை. ஒரு போல்ட்தானே, அதையெல்லாம் யார் ரிப்பேர் என்று கணக்கில் வைப்பார்கள்!

அண்ணன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். லீவரை அழுத்தினால் ஆயில் டப்பாவுக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் போகும், ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குப் போய் அங்கிருக்கும் பிஸ்டன் பேடை டிஸ்கில் அழுத்தும். விட்டால் எல்லாம் திரும்பி வர வேண்டும். பிஸ்டனைத் திருப்பி இழுக்கக் காலிப்பரில் ஸ்பிரிங் எதுவும் இல்லை, பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் அழுத்தும்போது லேசாக முறுக்கிக்கொண்டு, விடும்போது பழைய நிலைக்கு வரும், அதுதான் பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறது, அதுவும் மயிரிழை தூரம். ஆயில் டப்பாவின் அடியில், மாஸ்டர் சிலிண்டருக்குள் திறக்கிற இரண்டு துளைகள். ஒன்று பெரியது. இன்னொன்று ஊசி முனை அளவுக்குத்தான் இருக்கும். பிஸ்டன் முழுதாகத் திரும்பி வந்தால்தான் அந்தச் சின்னத் துளை திறக்கும். சூட்டில் ஆயில் விரியும்போது மிச்சமாகிற ஆயில் அது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். என் சிவப்பு லீவரில் பிஸ்டனைத் தொடுகிற மூக்கு அரை மில்லிமீட்டர்போல நீளம் அதிகம். அதனால் நான் கையை எடுத்தாலும் லீவர் பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, துளை மூடியே இருந்திருக்கிறது. கொஞ்சம் சூடு, ஆயில் விரிகிறது, போக வழியில்லை, பேடை அழுத்துகிறது. பேட் உரசுவதால் இன்னும் சூடு. ஏற்காடு இறக்கத்தில் நடந்தது இதுதான். ஆறியதும் ஆயில் சுருங்கி விட்டுவிட்டது.

சொன்னதோடு நிற்கவில்லை, காட்டினார். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் போன் டார்ச்சை டப்பாவுக்குள் அடிக்கச் சொல்லி, சிவப்பு லீவரை மாட்டி மெதுவாக அழுத்தினார், ஆயில் மேற்பரப்பில் சலனமே இல்லை. பத்துப் பதினைந்து தடவை அழுத்தி அழுத்தி விட்டார், சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. லீவரைக் கழற்றினார், சக்கரம் விட்டது. பிறகு ஒரு பழைய டப்பாவைக் கிளறி, என் வண்டிக்குச் சேரும் பழைய கறுப்பு லீவர் ஒன்றை எடுத்து மாட்டினார். மெதுவாக அழுத்தும்போது, தொடக்கத்திலேயே, டப்பாவின் அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு குட்டி ஊற்று கிளம்பி ஆயில் மேல் ஒரு சின்ன வளையம் போட்டது. "இது வந்தா துளை திறந்திருக்குன்னு அர்த்தம். வரலைன்னா ஒண்ணு லீவர், இல்லைன்னா அடைப்பு." அவ்வளவு அழுக்கான ஆயிலில் அடைப்பும் சேர்ந்து வந்திருக்கலாம், என் நல்ல நேரம், துளை சுத்தமாகவே இருந்தது.

லீவரைக் கழற்றியும் விடாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வருவாராம். அடுத்து மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேர்கிற யூனியன் போல்ட்டைத் தளர்த்துவார், அங்கே விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள். அதற்கும் விடாமல் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கிறது, வெளியே பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். நிப்பிளைத் திறந்து ஆயில் வெளியேறிய பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் மட்டும்தான் காலிப்பரைக் கழற்ற வேண்டும், பிஸ்டன் துருவேறியிருக்கும் அல்லது காலிப்பர் நகர்கிற பின்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். ஆறாயிரம் ரூபாய் காலிப்பரை மாட்டியிருந்தாலும் என் சிவப்பு லீவர் அதையும் இதேபோல்தான் இறுக்கியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஆயிலை முழுதாக மாற்றினார். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) பாட்டில், என் கண் முன்னால் சீல் உடைத்தார், டப்பா மூடியிலும் டாட் 4 என்றுதான் போட்டிருந்தது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சாதி. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது டாட் 4 கணக்கு, தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இத்தனை வருடம் தண்ணீர் குடித்த என் ஆயிலோடு, பேட் உரசி உரசிச் சூடேறி, அந்த மலை இறக்கத்தில் ஆயில் கொதித்திருந்தால் லீவர் கைப்பிடி வரைக்கும் சும்மா வந்திருக்கும், பிரேக் சுத்தமாக இருந்திருக்காது. இறுகி நின்றதே மேல். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னார், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

பேட் இரண்டும் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்திருந்தன. எமரி பேப்பரைத் தட்டையாக வைத்துத் தேய்த்து மறுபடி அதையே போட்டார், புதுசு விற்கப் பார்க்கவில்லை. டிஸ்கின் நீலத்தைப் பற்றிக் கேட்டதற்கு, குறைந்தபட்ச கனம் டிஸ்கிலேயே பொறித்திருக்கும் என்று காட்டினார், என்னுடையதில் 3.5 மில்லிமீட்டர், அளந்தால் அதற்கு மேல்தான் இருந்தது. நெளிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை ஃபோர்க்கில் கட்டி, நுனி டிஸ்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வளைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். இடைவெளி மாறவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடித்தால்தான் டிஸ்கைச் சந்தேகப்பட வேண்டுமாம், எனக்கு அது இல்லை.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் இன்னொருவர் வந்தார், அவருக்கு நேர்மாறு, ஆயிலுக்குள் காற்று புகுந்து லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அவர் வண்டி லீவரைப் பழைய டியூப் ரப்பரால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி, "ராத்திரி இப்படியே விடுங்க, ஏர் மேல வந்துரும், காலையில வாங்க" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். மறுநாள் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

சரி, குறைகள். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கிடையாது, கேட்டால் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார். உட்கார ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பா, அதுவும் ஒன்றுதான், நான் மூன்று மணி நேரம் இருந்தேன். அமாவாசைக்குக் கடை இல்லை, தெரியாமல் போய்த் திரும்பியவர்கள் உண்டு. அவசரம் என்று நின்றால் திட்டு விழும். ஏபிஎஸ் வண்டியில் லீவர், பேட் வரைக்கும் பார்க்கிறார், யூனிட்டுக்குள் ஏர் புகுந்த கேஸ் என்றால் அதற்கான கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்லிவிடுகிறார். கிரீஸ் கையோடு என் புது ஹேண்டில் கிரிப்பைப் பிடித்துக் கறையாக்கிவிட்டார், அது இன்னும் போகவில்லை.

அப்புறம் பிடிவாதம். சிவப்பு லீவரின் மூக்கை அரம் வைத்து லேசாக ராவிக் கொடுங்கள், அழகாக இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தேன். "பிரேக்ல நான் அரம் போட மாட்டேன் தம்பி, வேணும்னா வேற யார்கிட்டயாவது போட்டுக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூலி, ஆயில், பழைய லீவர் எல்லாம் சேர்த்து 350 ரூபாய். நான் ஐந்நூறாகக் கொடுத்தேன், சில்லறை தேடி எடுத்து மீதியைக் கையில் வைத்துவிட்டார். ஓட்டிப் பார்க்க அவரே கோரிமேடு வரைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து, டிஸ்குக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்காடு. 20 வளைவும் இறங்கி அடிவாரத்தில் நிறுத்தி, அவர் செய்தது போலவே புறங்கையைக் கொண்டுபோனேன். சூடு இருந்தது, வேலை செய்த பிரேக்குக்கு இருக்க வேண்டிய சூடு. முன்பு ஆவி கிளம்பியதே, அந்தச் சூடு இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், பேட் லேசாக உரசுகிற 'ஸ்ஸ்' சத்தத்தோடு நாலைந்து சுற்று ஓடியது. லீவரில் அந்தச் சும்மா வருகிற தூரமும் இருந்தது.

சிவப்பு லீவர் மேஜை டிராயரில் கிடக்கிறது. என் தம்பி அவன் வண்டிக்குக் கேட்டான், கொடுக்கவில்லை.